தூரம் பார்க்கும் காமிராவா, தண்ணீர் புகாத காமிராவா?

பயிரில் நோய் கண்டால் இலையைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போவது நம் விவசாயிகளின் நெடுநாள் வழக்கம். போய்ச் சேர்வதற்குள் இலை வாடிவிடும். இலைக்கு அடியில் இருந்த பூச்சி வழியிலேயே பறந்துவிடும். அலுவலர் வாடிய இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வயலில் வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்பார்.

இன்று இலைக்குப் பதிலாகப் போட்டோ போகிறது. ஆனால் பல படங்கள் வாடிய இலையைவிட மோசமாக இருக்கின்றன. மஞ்சளாக ஏதோ தெரியும். அது பூச்சியா, புள்ளியா, சேறா என்று விளங்காது. இதனால் விளையும் நஷ்டம் சிறியதல்ல. நெல் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் பழுத்துக் காய்கிறது என்று வைத்துக் கொள்வோம். அது புகையான் தாக்குதலாக இருக்கலாம். தூரத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ அதை நோய் என்று சொல்லிவிட்டால், பூஞ்சாண மருந்துக்குப் போகும் பணம் வீண். பூச்சிதான் என்று தெரிந்தும் எந்தப் பூச்சி என்று தெரியாமல் செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை அடித்தால் புகையான் குறைவதற்குப் பதில் பெருகும். அதை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடிந்துபோவது இதற்கு ஒரு காரணம். தெளிவில்லாத ஒரு படம் ஒரு போகத்தையே கொண்டுபோய்விடக் கூடும்.

இதனால் சில விவசாயிகளும், உழவர் குழுக்களும் வயல் வேலைக்கென்றே ஒரு சிறிய காமிரா வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். கையடக்கமான காமிராக்களில் விவசாயிக்குப் பயன்படக் கூடியவை இரண்டு வகை. ஒன்று, தூரத்தில் உள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் நீள்ஜூம் காமிரா. மற்றொன்று, தண்ணீரில் விழுந்தாலும் கெடாத, கீழே போட்டாலும் உடையாத உழைப்புக் காமிரா. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைதான். யாருக்கு எது ஏற்றது, யாருக்கு இரண்டுமே வேண்டாம் என்பதை இங்கே பார்ப்போம்.

"30 எக்ஸ்" என்றால் என்ன?

காமிராப் பெட்டியின் மேல் 4 எக்ஸ், 30 எக்ஸ், 40 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும் நிலைக்கும், மிக நெருக்கமாக இழுத்துப் பார்க்கும் நிலைக்கும் உள்ள விகிதமே இந்த எண். பானசோனிக் கம்பெனி 2025-ல் வெளியிட்ட டி.இசட்.99 என்ற நீள்ஜூம் காமிராவின் லென்ஸ், பழைய பிலிம் காமிராக் கணக்கில் 24 மில்லிமீட்டரில் தொடங்கி 720 மில்லிமீட்டர் வரை போகிறது. 24-ஐ 30-ஆல் பெருக்கினால் 720. கேனன் கம்பெனியின் எஸ்.எக்ஸ்.740 என்ற காமிரா 2018-ல் வந்தது. அது 24-லிருந்து 960 வரை போகும். எனவே 40 எக்ஸ்.

உழைப்புக் காமிரா வகையில் பலரும் அறிந்தது டஃப் வரிசை. முன்பு ஒலிம்பஸ் என்ற பெயரில் வந்தது; இப்போது ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 2023-ல் வந்த டி.ஜி.7 என்ற மாடலின் லென்ஸ் 25-லிருந்து 100 வரைதான் போகும். அதாவது 4 எக்ஸ்.

இந்த எண்களைத் தென்னந்தோப்பில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். 60 அடி உயரத்தில் இருக்கும் குருத்தைத் தரையில் நின்று எடுக்கிறீர்கள். ஜூம் இல்லாமல் எடுத்தால் ஏறத்தாழ 90 அடி அகலம் படத்துக்குள் வந்துவிடும். அதில் குருத்து ஒரு சிறு துணுக்காகத் தெரியும். 4 எக்ஸ் காமிராவை முழுக்க இழுத்தால் சுமார் 21 அடி அகலம் வரும். கொண்டை முழுவதும் தெரியும், குருத்தின் நுணுக்கம் தெரியாது. 30 எக்ஸ் காமிராவை முழுக்க இழுத்தால் 3 அடி அகலம் மட்டுமே படத்தை நிறைக்கும். காண்டாமிருக வண்டு வெட்டிய ஓலையின் விசிறி வடிவ வெட்டு, குருத்தழுகலில் மஞ்சளாகிச் சாயும் நடுக்குருத்து ஆகியவற்றை மரம் ஏறாமலே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "டிஜிட்டல் ஜூம்" என்று தனியாக ஓர் எண் போட்டிருப்பார்கள். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதே அது. புதிதாக ஒரு நுணுக்கமும் அதில் சேராது. "ஆப்டிகல் ஜூம்" என்று போட்டிருக்கும் எண்ணே லென்சின் உண்மையான வலிமை.

இரண்டும் ஒரே காமிராவில் ஏன் கிடைப்பதில்லை?

"30 எக்ஸும் வேண்டும், தண்ணீரும் புகக்கூடாது; அப்படி ஒன்று இல்லையா?" என்று கேட்பது நியாயமே. இந்தச் சிறு அளவில் அப்படி ஒன்று அமைவது கடினம். காரணம் இரண்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

நீள்ஜூம் காமிராவைக் கொக்கு என்று சொல்லலாம். மூடியிருக்கும்போது கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சட்டைப் பையில் அடங்கும். பொத்தானை அழுத்தியதும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்கள் வெளியே நீளும். தூரத்தைப் பிடிக்க இந்த நீளம் வேண்டும். ஆனால் குழாய் நீளும்போதும் சுருங்கும்போதும் சைக்கிள் பம்பு போல வெளிக்காற்றை உள்ளே இழுத்துத் தள்ளுகிறது. காற்றோடு களத்துப் பதரும், செம்மண் புழுதியும், வாய்க்கால் ஓர ஈரமும் உள்ளே போகின்றன. குழாய்களின் இடுக்கில் ஒரு மணல் சிக்கினால் கழுத்து பாதியில் நின்றுவிடும். லென்சுக்குப் பின்னால் தூசி ஒட்டினால் ஒவ்வொரு படத்திலும் ஒரு கரும்புள்ளி விழும். வெளியிலிருந்து துடைத்தால் போகாது.

உழைப்புக் காமிரா ஆமையைப் போன்றது. அதன் லென்ஸ் ஓட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. முன்னால் கனமான கண்ணாடி ஒன்று மூடியிருக்கும். பல மாடல்களில், உள்ளே நுழையும் ஒளியை ஒரு முப்பட்டைக் கண்ணாடி கீழ்நோக்கித் திருப்ப, லென்சுகள் காமிராவின் உடலுக்குள்ளேயே மேலும் கீழும் நகர்கின்றன. வெளியே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் முழுப் பெட்டியையும் ரப்பர் வளையம் போட்டு அடைத்துவிட முடிகிறது. ஆனால் ஓட்டுக்குள் இருக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் ஜூம். அதனால்தான் இந்த வகைக் காமிராக்கள் 4 எக்ஸ், 5 எக்ஸ் அளவில் நின்றுவிடுகின்றன.

டி.ஜி.7 காமிராவைத் தண்ணீருக்குள் 15 மீட்டர் ஆழம் வரை கொண்டு போகலாம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ பாரம் மேலே ஏறினாலும் தாங்கும் என்று கம்பெனி கூறுகிறது. வரப்பில் நழுவி வயலில் விழுவதும், டிராக்டர் இருக்கையிலிருந்து தவறுவதும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

விவசாயிக்கு வேண்டியது தூரமா, அருகா?

கடையில் பார்ப்பவர்களை 30 எக்ஸ் என்ற எண் எளிதில் மயக்கிவிடும். எதிர்த்த கோபுரத்தின் கலசத்தை இழுத்துக் காட்டினால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நம் பயிரைக் கெடுப்பவை பெரும்பாலும் மிகச் சிறியவை. நம் காலடியிலேயே இருப்பவை. சில உதாரணங்களைப் பாருங்கள்.

புகையான் பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அது இருக்கும் இடம் நெல் தூரின் அடிப்பகுதி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. அதைப் படம் எடுக்க வேண்டுமானால் சேற்றில் குனிந்து, தூர்களை விலக்கி, காமிராவைத் தண்ணீரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

மிளகாயில் இலை சுருண்டால் அது இலைப்பேனாலும் இருக்கலாம், சிலந்திப் பேனாலும் இருக்கலாம். இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கிச் சுருளும்; சிலந்திப் பேன் தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும். இரண்டுக்கும் மருந்து வேறு. இலைப்பேனின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். மிளகாய்ச் சிலந்திப் பேன் அதிலும் சிறியது. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது.

2018-ல் இந்தியாவுக்குள் புகுந்து மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவை அடையாளம் காண இரண்டு குறிகள் உண்டு. தலையில் தலைகீழான "ஒய்" வடிவக் கோடு. வால் பக்கத்துக்கு முந்திய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டும் தெளிவாக விழுந்த படம் ஒன்று இருந்தால் அலுவலருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய வேலைக்கு உழைப்புக் காமிராவே கைகொடுக்கும். டி.ஜி.7 போன்றவற்றில் "மைக்ராஸ்கோப்" என்று ஒரு நிலை உண்டு. லென்சுக்கு 1 சென்டிமீட்டர் தூரத்தில் பூச்சியை வைத்து, ஜூமையும் முழுக்க இழுத்துப் படம் எடுக்கலாம். புகையானின் கண்ணும் காலும் இறகும் படத்தில் பெரிதாக நிற்கும். நீள்ஜூம் காமிராக்களும் அருகில் எடுக்கும். ஆனால் ஜூம் இழுக்காத நிலையில்தான் அவ்வளவு அருகில் போக முடியும். அப்போது பூச்சி சிறிதாகவே விழும். ஜூமை முழுக்க இழுத்தாலோ, பல அடி பின்வாங்கி நின்றால்தான் படம் தெளியும்.

அப்படியானால் தூரம் பார்க்கும் காமிரா விவசாயிக்கு வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்வதற்கில்லை. தென்னை, பனை, மா, பலா என உயர்ந்த மரங்களை வைத்திருப்பவர்களுக்கு அதனால் நல்ல பயன் உண்டு. ஏறும் ஆள் கிடைக்காத இந்நாளில் ஒவ்வொரு கொண்டையையும் தரையிலிருந்தே சோதிக்கலாம். காட்டை ஒட்டிய நிலங்களில் யானை நின்றால் அருகில் போய்ப் படம் எடுப்பது உயிருக்கு ஆபத்து. எட்ட நின்று, பாதுகாப்பான இடத்திலிருந்து எடுக்க இதுவே வழி. மயிலும், கிளியும், மைனாவும் எந்த நேரத்தில் எந்தப் பயிரில் இறங்குகின்றன என்று பார்த்து வைக்கவும் உதவும்.

மடைவாயும் வெளிச்சமும்

நீள்ஜூம் காமிரா வாங்குவோர் அறிய வேண்டிய இன்னொன்று வெளிச்சம். லென்சின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் 2, எஃப் 6.4 என்று குறிப்பிடுவார்கள். மடைவாய் போல என்று கொள்ளுங்கள். ஆனால் கணக்கு தலைகீழ். எண் சிறிதானால் வாய் பெரிது. டி.ஜி.7 லென்சின் வாய், அகலப் பார்வையில் எஃப் 2. டி.இசட்.99 முழுக்க இழுத்த நிலையில் எஃப் 6.4. கணக்குப் போட்டால், இழுத்த நிலையில் உள்ளே வரும் வெளிச்சம் எஃப் 2-ல் வருவதில் பத்தில் ஒரு பங்குதான்.

எனவே இருட்டிய பின் கடலைக் காட்டில் இறங்கும் காட்டுப்பன்றியை நீள்ஜூம் காமிராவால் பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். கறுப்பாக ஒரு கலங்கல் மட்டுமே மிஞ்சும். காமிராவிலுள்ள பிளாஷ் விளக்கும் சில மீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது. இரவில் வரும் மிருகங்களைப் படம் பிடிக்க, மரத்தில் கட்டி வைத்தால் தானே இயங்கும் அகச்சிவப்புக் காமிரா என்று தனி வகை இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வகைக் காமிராக்களிலும் படத்தைப் பதிவு செய்யும் சில்லு மிகச் சிறியது. சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், நாலரை மில்லிமீட்டர் அகலம். ஒரு துவரை மணி அளவே என்று சொல்லலாம். இன்றைய நல்ல செல்போன்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சில்லு உண்டு. ஆகவே நான்கைந்து அடி தூரத்தில் நின்று ஒரு செடியையோ, ஒரு மாட்டையோ, ஒரு வயலையோ எடுக்க இந்தக் காமிராக்கள் செல்போனை மிஞ்சிவிடும் என்று நினைப்பது தவறு. மிகத் தூரம், மிக அருகு, தண்ணீர், சேறு ஆகிய இடங்களில்தான் இவற்றின் அருமை தெரியும்.

பயிர்க் காப்பீட்டுக்கு எது?

மழை வெள்ளத்தில் பயிர் மூழ்கினால் படம் எடுத்து வைக்கக் காமிரா வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பு பொதுவாக ஊர் அளவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தியே கணக்கிடப்படுகிறது. தனி வயலுக்கான இழப்பு, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற குறிப்பிட்ட இடர்களுக்கு மட்டுமே பார்க்கப்படும். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

2025 நவம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 கரீப் பருவம் முதல் வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதமும், நெல் வயல் நீரில் மூழ்குவதும் தனி வயல் இழப்புப் பட்டியலில் சேரும் என்றது. அதற்கும் 72 மணி நேரக் கெடுதான். படத்தைக் காப்பீட்டுக்கான செல்போன் செயலி மூலம், எடுத்த இடம் தானே பதிவாகும் முறையில் அனுப்ப வேண்டும் என்றும் கூறியது. எந்த மாவட்டம், எந்த மிருகம் என்பதை மாநில அரசுகள் அறிவிக்கும். உங்கள் பயிரும் ஊரும் அதில் உண்டா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணிலும் கேட்கலாம்.

ஆகவே காப்பீட்டுக்கு முதலில் வேண்டியது செல்போனே. 40 ஆயிரம் ரூபாய்க் காமிராவில் எடுத்த அழகான படம் அந்தச் செயலியின் வேலையைச் செய்யாது. காமிராப் படம் துணைச் சாட்சியாக இருக்கலாம், அவ்வளவே. அதற்கும் காமிராவில் தேதியும் நேரமும் சரியாக வைத்திருக்க வேண்டும். பாட்டரி தீர்ந்து தேதி மாறிப்போன காமிராவின் படம், சாட்சிக்கு உதவாததோடு சந்தேகத்தையும் கிளப்பும்.

கையில் உள்ள செல்போனை முதலில் சோதியுங்கள்

காமிரா வாங்கப் புறப்படும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். செல்போனின் காமிராக் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். காலை வெளிச்சத்தில் ஒரு நெல்மணியைக் கைமேல் வைத்துப் படம் எடுங்கள். நெல்லின் மேலுள்ள வரிகளும் மயிரும் தெளிவாகத் தெரிந்தால், அந்தச் செல்போன் பெரும்பாலான பூச்சிகளுக்குப் போதும். தெரியாவிட்டால், செல்போன் கண்ணில் கவ்வி மாட்டும் சிறு உருப்பெருக்கி லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையும் அப்படியே. இந்த இரண்டும் சேர்ந்து உழைப்புக் காமிராவின் வேலையில் பெரும் பகுதியைச் செய்துவிடும்.

டி.ஜி.7 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 550 டாலர், டி.இசட்.99 சுமார் 500 டாலர். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி கடன் வாங்கி இந்தப் பணத்தைப் போடுவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். அந்தப் பணத்துக்கு நல்ல விதையும், மண் பரிசோதனையும், ஒரு கைத்தெளிப்பானும் வாங்கலாம். ஆனால் இருபது, முப்பது பேர் சேர்ந்த உழவர் குழுவோ, உற்பத்தியாளர் நிறுவனமோ பொதுவில் ஒன்று வாங்கி, பழகிய ஒருவர் பொறுப்பில் வைத்தால் அது ஊருக்கே பயன்படும். தலைக்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

யாருக்கு எது?

நெல் வயல், மீன் குட்டை, இறால் பண்ணை, கறவை மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும், காய்கறி, மிளகாய், மக்காச்சோளம் பயிரிடுபவர்களுக்கும் உழைப்புக் காமிரா ஏற்றது. இங்கே தண்ணீரும் சேறும் அதிகம். பார்க்க வேண்டியவை சிறியவை.

தென்னை, பாக்கு, பனை, பழமரத் தோட்டக்காரர்களுக்கும், காட்டை ஒட்டிய மேட்டுநில விவசாயிகளுக்கும் நீள்ஜூம் காமிரா ஏற்றது. ஆனால் புழுதியிலிருந்தும் மழையிலிருந்தும் அதைக் குழந்தையைப் போல் காக்க வேண்டும். அது முடியாது என்று தோன்றினால் வாங்க வேண்டாம்.

தென்னையும் நெல்லும் சேர்த்து வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? எந்தப் பயிரில் சென்ற மூன்று ஆண்டுகளில் அதிக நஷ்டம் ஏற்பட்டது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைக்காரர் காட்டும் எண்ணை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

நல்ல படம் எடுக்கும் முறை

1. ஒரு பிரச்சினைக்கு நான்கு படம் எடுங்கள். முதலில் முழு வயல். பிறகு ஒரு செடி முழுவதும். பிறகு தாக்கப்பட்ட பாகம். கடைசியாகப் பூச்சி அல்லது புள்ளி மட்டும்.

2. இலையின் மேற்புறத்தோடு அடிப்புறத்தையும் எடுங்கள். வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப் பேன் ஆகியவை பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் இருக்கும்.

3. பூச்சியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ, தீக்குச்சியோ வையுங்கள். பூச்சியின் அளவு பார்ப்பவருக்குப் புரியும்.

4. நோய் கண்ட இலையோடு நல்ல இலை ஒன்றையும் சேர்த்து வைத்து எடுங்கள். நிற வித்தியாசம் தெரியும்.

5. காலை அல்லது மாலை வெளிச்சமே நல்லது. நடுப்பகல் வெயிலில் இலை பளபளத்துப் புள்ளிகள் மறையும். நீள்ஜூமில் எடுத்தால், தரையிலிருந்து எழும் அனலால் படமும் நடுங்கும்.

6. ஜூம் இழுக்கும்போது கையின் சிறு அசைவும் பெரிதாகும். மரத்திலோ, மண்வெட்டிக் காம்பிலோ, சைக்கிள் இருக்கையிலோ காமிராவைத் தாங்கலாக வைத்து, மூச்சை அடக்கி எடுங்கள்.

7. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் குறையும். ஆவணமாக அனுப்புங்கள். காமிராவிலிருந்து செல்போனுக்குக் கம்பியில்லாமல் படத்தை மாற்றும் வசதி உண்டா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. படத்தோடு பயிரின் ரகம், நட்ட தேதி, கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள். இவை இல்லாமல் படம் மட்டும் போனால் பாதி விவரமே போய்ச் சேரும்.

படத்தை அனுப்ப வேளாண்மை உதவி அலுவலரும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. பூச்சியின் படத்தைப் பார்த்து ஆலோசனை தரும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை 2024 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கிசான் அழைப்பு மையத்தையும் கேட்கலாம்.

தண்ணீர் புகாததையும் காக்க வேண்டும்

உழைப்புக் காமிரா என்பதால் எதையும் தாங்கும் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. பாட்டரி மூடியின் ரப்பர் வளையமே அதன் உயிர். அதில் ஒரு தலைமயிரோ, வைக்கோல் தும்போ, மணலோ சிக்கினால் தண்ணீர் புகுந்துவிடும். ஈரக் கையோடும், வயலில் நின்றும் மூடியைத் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்த பின்பே திறக்கவும். இறால் பண்ணை, உப்பளம் போன்ற இடங்களில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்துக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் வளையத்தைச் சோதித்து மாற்றுவது நல்லது.

தண்ணீர் புகாதது என்றால் மருந்து புகாதது என்று பொருளல்ல. பூச்சிமருந்தும், சோப்பும், எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். மருந்து அடிக்கும்போது காமிராவைக் கொண்டுபோக வேண்டாம். வெயிலில் கொதித்த காமிராவை உடனே குளிர்ந்த கிணற்று நீரில் இறக்கினால் உள்ளே ஆவி படிந்து கண்ணாடி மங்கும். இந்தக் காமிரா தண்ணீரில் மிதக்காது. கல் போல் மூழ்கிவிடும். அதன் வாரில் ஒரு தக்கைத் துண்டும், சிவப்புத் துணியும் கட்டி வையுங்கள். சேற்றில் விழுந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எந்தக் காமிராவானாலும் மழைக்கால ஈரத்தில் லென்சில் பூஞ்சாணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு அதனுள் வையுங்கள். நீல நிற ஜெல் ஈரம் இழுத்ததும் இளஞ்சிவப்பாக மாறும். சூடு காட்டினால் மீண்டும் நீலமாகும். சமையல் பாத்திரத்தில் மட்டும் அதை வறுக்காதீர்கள்.

பழைய காமிரா வாங்குவோருக்கு

செல்போன் பெருகியதால் பல கம்பெனிகள் இவ்வகைக் காமிராக்களைச் செய்வதை நிறுத்திவிட்டன. நிக்கான் டபிள்யூ.300, ஃபியூஜிபிலிம் எக்ஸ்.பி.140 போன்ற உழைப்புக் காமிராக்கள் இன்று பழையவையாகவே கிடைக்கும். பழைய உழைப்புக் காமிராவை, வளையம் மாற்றும் வரை தண்ணீர் புகும் காமிரா என்றே கருதி நடத்துங்கள். விற்பவர் சொல்லை நம்பித் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டாம். பாட்டரி அறையைத் திறந்து, உள்ளே பச்சை அல்லது வெள்ளைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் முன்பே புகுந்திருக்கிறது என்று பொருள்.

பழைய நீள்ஜூம் காமிராவைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். குழாய் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, பாதியில் தயங்கினாலோ விட்டுவிடுங்கள். ஜூமை முழுக்க இழுத்து, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது.

காமிரா எதுவானாலும் அது ஒரு கருவியே. தினமும் காலையில் வரப்பில் நடந்து, தூரை விலக்கிப் பார்க்கும் விவசாயியின் கண்தான் முதலில் பூச்சியைக் காண வேண்டும். அந்தக் கண் கண்டதை, வயலுக்கு வர முடியாத ஒருவருக்கு உள்ளபடி காட்டுவதே காமிராவின் வேலை. அதற்கு உங்கள் செல்போனே போதுமென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். போதாதென்றால், உங்கள் பயிரின் எதிரி எட்டத்தில் இருக்கிறதா, காலடியில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற காமிராவைத் தேர்ந்தெடுங்கள்.